அம்மா சொன்ன அனுபவம்

குப்புறப் படுத்து, கன்னத்தை ஜமக்காளத்தில் பதித்து மூச்சை மெதுவாக இழுத்தால் முதலில் வருவது பூச்சி உருண்டை வாசம், அதற்குப் பின்னால் பழைய சாயத்தின் புளித்த வாசம், எல்லாவற்றுக்கும் அடியில் எத்தனை முறை தட்டினாலும் போகாத தூசியின் வாசம். மகராசனம் என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் நாங்கள் அதை 'முதலை' என்றோம். யோகா என்று இன்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு மலையுச்சியும் சூரிய உதயமும் நினைவுக்கு வருவதில்லை. நீலமும் சிவப்புமாகக் கோடு போட்ட பவானி ஜமக்காளங்களும், எனக்குப் பக்கத்தில் முகம் புதைத்துக் கிடந்த அம்மாவின் முதுகு ஏறி இறங்குவதும்தான் வருகின்றன. அந்த முதுகை நான் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே இருப்பேன், அது ஒழுங்காக ஏறி இறங்குகிறதா என்று கவனிப்பது அந்த வருஷம் என் வேலையாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். சிங்காநல்லூரைத் தாண்டி ஒரு நூல் மில் தன் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய 'லைன்' வீடுகளில் எங்கள் குடித்தனம். அப்பா வேறொரு பட்டறையில் லேத் ஓட்டினார். அம்மாவுக்கு மில்லிலேயே வேலை, நூலைக் கூம்புகளில் சுற்றும் கோன் வைண்டிங்கில். கோபி பக்கத்தில் வாய்க்கால் தண்ணீரும் வாழைத்தோப்புமாக வளர்ந்தவள், கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷமே மில்லுக்குள் போய்விட்டாள். ஷிப்ட் முடிந்து வரும்போது தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அதைத் தட்டிவிட்டு அடுப்படிக்குப் போவாள். நெஞ்சுக்குள் போனதைத் தட்டிவிட முடியவில்லை. நான் நான்காவது படிக்கும்போது அவளுக்கு 'இழுப்பு' வந்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி டாக்டர் வாயில் வைத்து அடிக்கும் மருந்து ஒன்றைக் கொடுத்திருந்தார். வளைந்த வாயோடு பார்க்க விசில் மாதிரி இருந்ததால் நான் அதற்குப் 'பீப்பி' என்று பெயர் வைத்தேன், வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது. ஆனால் பீப்பி இருப்பதை வெளியே சொல்ல முடியாது. இழுப்புக்காரி என்றால்கூடப் பரவாயில்லை, 'பம்ப் அடிக்கிறவள்' என்றால் கடைசிக் கட்டம் என்று லைனில் அர்த்தம். "அதை ஒருக்கா அடிச்சுப் பழகிட்டா ஒடம்பு அப்பறம் அதைத்தான் கேக்குமாமா" என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் சொன்னார்கள். நம் ஊரில் மருத்துவம் படிக்காத ஆளே கிடையாதே.

இப்படி இருக்கும்போதுதான் மில்லின் மனமகிழ் மன்றத்தில் யோகா வகுப்பு தொடங்கியது. அதுவரை அந்த மன்றத்தில் கேரம் போர்டைத் தவிர எதுவும் மனத்தை மகிழ்வித்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்த நாட்களில் கோயமுத்தூர்ப் பக்கம் எந்தக் கல்யாண மண்டபத்தை எட்டிப் பார்த்தாலும் இருபது பேர் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள், அந்தக் காற்று எங்கள் லைனுக்கும் வந்து சேர்ந்தது. சொல்லிக்கொடுக்க வந்தவர் டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்தவர், நாற்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, ஆறு வயதுப் பிள்ளையைக்கூட 'வாங்க' என்று கூப்பிடும் சுபாவம். எல்லோரும் அவரை 'மாஸ்டர்' என்றார்கள். பக்கத்து வீட்டு சரோஜாக்காதான் அம்மாவை இழுத்துக்கொண்டு போனார். அப்பா கேலி செய்தார்: "காத்தை இழுத்து உடறதுக்குக் கிளாஸா? போயி ஒரு மாசம் இழுத்துப் பாரு, அப்பறம் ஊட்டுலயே உக்கோரு." ஒரு மாசம் என்பது அனுமதியா கெடுவா என்று அம்மா கேட்டுக்கொள்ளவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு போனாள், தனியாக விட்டுப்போக இடமில்லாததால்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யோகா அவளுக்கு நன்மை செய்தது. யோகா பொய் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. மூன்றாவது மாதத்தில் அம்மா ஒற்றைத் தலையணையில் படுத்தாள். தினமும் அடித்த பீப்பியை வாரத்துக்கு இரண்டு தரம், சில வாரம் ஒரு தரம் என்று குறைத்துக்கொண்டாள். அதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. வகுப்பின் கடைசியில் கண்ணை மூடிச் சும்மா உட்கார வேண்டும். மெஷின் இரைச்சலில் எட்டு மணி நேரம், அடுப்படியில் ஐந்து மணி நேரம், "ஏ ராஜாமணி" என்றோ "அம்மா" என்றோ யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் ஒரு நாளில், யாரும் கூப்பிடக்கூடாது என்று விதியே இருந்த இடம் அவளுக்கு அது ஒன்றுதான். அப்போது அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பேன். வீட்டில் நான் பார்த்தறியாத முகம். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பில் 'அனுபவம்' சொல்வது வழக்கம். யாராவது எழுந்து நின்று தனக்கு என்ன குணமாயிற்று என்று சொல்வார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். முட்டிவலி போச்சுங்க, சர்க்கரை குறைஞ்சுதுங்க, கோபம் வாரதே இல்லீங்க என்று வரிசையாக வரும். கோபம் வராத மனிதர் பிற்பகலில் தண்ணிக் குழாயடியில் போட்ட சத்தம் லைன் முழுக்கக் கேட்டிருக்கிறது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் அம்மாவைப் பார்த்து, "ஏனுங்க ராஜாமணியம்மா, மூச்சு இப்ப எப்படீங்க இருக்குது? மருந்து ஏதாச்சும் எடுத்துட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்.

அம்மா எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள்: "சுத்தமா இல்லீங்க மாஸ்டர். மருந்தெல்லாம் உட்டுப்போட்டேனுங்க."

எங்கள் பக்கத்து ஜனங்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமிருக்காது. வயிறு காந்திக்கொண்டு விருந்தாளியாகப் போனாலும் "இப்பத்தானுங்க சாப்புட்டேன்" என்று சொல்லித்தான் உட்காருவோம். சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் சமைத்தவர் முகத்துக்கு நேரே "அருமையா இருக்குதுங்க" என்போம். "கேட்டவிய மனசு குளுரச் சொல்லோணும்" என்பது அம்மாவின் அப்பா அடிக்கடி சொன்ன வார்த்தை. பாதி குணமாயிருக்கிறது, மீதிக்கு மருந்து அடிக்கிறேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். மாஸ்டரும் சந்தோஷமாகவே கேட்டிருப்பார். ஆனால் ஆர்வமாக முகத்தைப் பார்த்து நிற்கிற ஒரு நல்ல மனிதரிடம் பாதி என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. அரங்கமே கைதட்டியது, நானும் தட்டினேன்.

அதன் பிறகு புலிவாலைப் பிடித்த கதைதான். அம்மாவுக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது. புதிதாக வருகிறவர்களிடம் மாஸ்டர் அவளைக் காட்டி, அவியளைக் கேட்டுப் பாருங்க என்பார். அடுத்த லைனிலிருந்தும் இருகூரிலிருந்தும் இழுப்புக்காரர்கள் வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்று, "நெசமாவே மருந்து இல்லாமயா அம்மணி?" என்று கேட்டுப் போனார்கள். கேலி செய்த அப்பாவோ கட்சி மாறி, டீக்கடையில் உட்கார்ந்து, "எம் பொண்டாட்டி டாக்டருக்கே டாட்டா சொல்லிப்போட்டாளப்பா" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் விஷயம் தெரியாது. பீப்பி பருப்பு டப்பாவுக்குள் போய்விட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நாங்கள் அதைப் பருப்பில் மறைத்தோம்.

தெரிந்த ஒரே ஆள் நான். வகுப்புக்குப் போகும்போது பீப்பி என் பாவாடைப் பையில் இருக்கும். அம்மா தொண்டையைத் தடவினால் எழுந்துபோய் மன்றத்தின் பின்னால் கழிப்பறைப் பக்கம் நிற்க வேண்டும், அவள் வந்து இரண்டு தரம் அடித்துவிட்டுத் திருப்பித் தருவாள். "இது நமக்குள்ளயே இருக்கட்டும் கண்ணு" என்றாள். எனக்கு அதில் பயமோ வருத்தமோ இருந்ததாக எழுதினால் பொய். பெருமையாகத்தான் இருந்தது. அப்பாவுக்கே தெரியாத ரகசியம் என் பையில் இருக்கிறதே என்று தலை நிமிர்ந்து நடந்தேன்.

ஒரே ஒரு தடவை கேட்டேன், மாஸ்டரிடம் சொல்லிவிட்டால் என்ன என்று. அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "சொன்னா அந்த மனுசன் மூஞ்சி எப்படியாகும்? உங்கொப்பன் அத்தனையும் டூப்புன்னு சொல்லி நாளையிலிருந்து போகாதேம்பாரு. அப்பறம் நான் எங்க போயி உக்காருவேன்?" கடைசிக் கேள்வியை அவள் என்னிடம் கேட்கவில்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

அடுத்த தை மாதம் வகுப்பின் ஆண்டு விழா. டவுனிலிருந்து ஒரு பெரியவர் காரில் வந்து தலைமை தாங்குவதாக ஏற்பாடு. அம்மா மேடையேறி அனுபவம் சொல்ல வேண்டும். நான்கு வரி எழுதி, என்னிடம் கொடுத்து, மனப்பாடம் ஒப்பித்தாள். காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். வகுப்புக்கு விரிப்பவை போதாமல் ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்த ஜமக்காளங்கள் மாசக்கணக்காக வெளியே வராதவை. முன்வரிசை ஆள் என்ற முறையில் அம்மாவே ஒரு முனையைப் பிடித்து உதறத் தொடங்கினாள். ஜன்னல் வெயிலில் தூசி மஞ்சளாக எழும்பி நின்றதைப் பார்த்தேன். "நீங்க உடுங்கக்கா, ஒங்களுக்கு ஆகாது" என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். "எனக்கென்னுங்க இப்ப? எல்லாம் ஓடிப்போச்சே" என்று சிரித்துக்கொண்டே அம்மா அடுத்ததை எடுத்தாள். குணமானவள் தூசிக்கு ஒதுங்க முடியாதல்லவா.

எட்டரை மணிக்கு அவள் தொண்டையைத் தடவினாள். நான் பின்பக்கம் ஓடினேன். விழாவுக்கு வந்த பெண்கள் கழிப்பறை வாசலில் வரிசையாக நின்று பூ வைத்துக்கொண்டும் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டும் இருந்தார்கள். அம்மா வந்து பார்த்தாள், "என்ன ராஜாமணி" என்று கேட்டவர்களிடம் "சும்மா வந்தேனுங்க" என்று சொல்லித் திரும்பிவிட்டாள். ஒன்பது மணிக்குப் பெரியவர் வந்தார். முதலில் கால்மணி நேர மௌனம். நூற்றைம்பது பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அந்த மௌனத்தில் அம்மாவின் நெஞ்சு விசிலடித்ததை நான் மட்டும் கேட்டேன். கண்ணைத் திறந்தால் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன, கழுத்தெலும்புக்கு மேலே குழி விழுந்து விழுந்து எழும்பியது. பையிலிருந்து பீப்பியைப் பாதி வெளியே எடுத்து அவள் முழங்கையைத் தொட்டேன். எல்லோரும் கண் மூடியிருக்கிறார்கள், ஒரு நொடி போதும். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். அடிக்கும்போது 'புஸ்' என்று கேட்குமே. நான் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டேன்.

பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மா மேடையேறி மைக்கைப் பிடித்தாள். "வணக்கமுங்க" என்று சொல்லி நின்றாள். "எனக்கு... இழுப்பு இருந்துச்சுங்க" என்றாள். மறுபடியும் நின்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "இப்ப... ஒண்ணுமே..." என்றவளால் மேலே சொல்ல முடியவில்லை. உணர்ச்சிவசப்பட்டு அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். முதலில் பெரியவர் தட்டினார், அப்புறம் மாஸ்டர், அப்புறம் மன்றமே. என் பக்கத்திலிருந்த சரோஜாக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார். அத்தனை நேரம் யாரும் எதற்கும் கைதட்டி நான் பார்த்ததில்லை. அம்மா கும்பிட்டபடியே இறங்கி, பக்கக் கதவு வழியாக வெளியே போய், படியில் உட்கார்ந்து, சாய்ந்துவிட்டாள்.

நான்தான் முதலில் ஓடினேன். உதடு நாவற்பழம் தின்றது மாதிரி இருந்தது. பின்னாலேயே மாஸ்டரும் சரோஜாக்காவும் பத்துப் பதினைந்து பேரும் வந்துவிட்டார்கள். மாஸ்டர் குனிந்து, என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அம்மணி, அம்மாவுக்கு மருந்து ஏதாச்சும் இருக்குதாங்க? பயப்படாமச் சொல்லுங்க."

என் வலது கை பாவாடைப் பைக்குள் பீப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் அத்தனை முகங்கள். நான் அம்மாவைப் பார்க்கவில்லை, மாஸ்டரின் முகத்தைத்தான் பார்த்தேன்.

"இல்லீங்க" என்றேன்.

பெரியவரின் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரையிலும் என் கை பையை விட்டு வெளியே வரவில்லை. "மருந்தே எடுக்கறதில்லீங்க டாக்டர், பல மாசமாச்சுங்க" என்று மாஸ்டர் அங்கே நம்பிக்கையோடு சொன்னதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். ஊசி போட்டு, மூக்கில் மூடி வைத்து மருந்துப் புகை கொடுத்து, சாயங்காலம் வரை போராடி மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இன்னும் பத்து நிமிஷம் தாமதமாகியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னார். அந்தப் பத்து நிமிஷம் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்த அம்மாவின் பழைய சீட்டைப் புரட்டிய டாக்டர், போன மாதம் வரை பம்ப் மருந்து வாங்கியிருப்பதை மாஸ்டருக்குக் காட்டினார். மாஸ்டர் அதை இரண்டு தரம் படித்தார். பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் போன பிறகு அம்மா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். படியில் கிடந்தபோது அவளுக்குக் காது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தலையைத் தடவி, "சமத்தா நடந்துட்டே கண்ணு" என்றாள். என் வாழ்க்கையில் வாங்கிய பாராட்டுகளில் இன்றுவரை ஜீரணமாகாதது அது ஒன்றுதான்.

பீப்பியை அப்பாவிடம் நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். உள்ளங்கையில் வைத்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அப்புறம் அன்றாடம் வேளை தவறாமல் அடிக்கிறாளா என்று பார்ப்பதை அவர் வேலையாக்கிக்கொண்டார். மாஸ்டர் செய்ததுதான் யாரும் எதிர்பாராதது. தன் டிவிஎஸ் வண்டியில் ஒரு வாரம் லைன் லைனாகவும் இருகூர் வரையிலும் போய், அம்மாவின் பேச்சைக் கேட்டு வகுப்புக்கு வந்த ஒவ்வொரு இழுப்புக்காரர் வீட்டிலும் இறங்கி, "மருந்தை உட்டுப்போடாதீங்க, ரண்டும் சேர்ந்துதான் செய்யோணும், நான் வெளக்கமாச் சொல்லாதது என் தப்புங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்தார். மூன்று பேர் நிஜமாகவே மருந்தை நிறுத்தியிருந்தார்கள். எதிர் லைனில் அவர் ஒவ்வொரு வாசலாக நிற்பதை அம்மா ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்தாள்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். அம்மா அடுப்படிக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அம்மா ஊட்டுல இல்லீங்க" என்று நான் சொன்னேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "பரவால்லீங்க அம்மணி. மருந்தோடயே வந்து உக்காரச் சொல்லுங்க, எடம் அப்படியேதான் இருக்குது" என்று அடுப்படிக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு தடவை வந்தார். அதற்கும் அதே பதில்தான். அம்மா அப்புறம் போகவே இல்லை. மன்றத்தின் வழியாக நடப்பதைத் தவிர்க்க, மில் கேட்டுக்கு ரயில்வே லைன் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனாள்.

அந்த மில் மூடிப் பல காலமாகிறது. லைன் வீடுகளும் மன்றமும் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. அதன் கீழ்த்தளத்தில் காலை வேளைகளில் ரப்பர் பாய் விரித்து யோகா செய்கிறார்கள் என்று சரோஜாக்காவின் மகள் சொன்னாள். சேர்வதற்கு முன் என்ன நோய், என்ன மருந்து என்று கேட்டு ஒரு படிவம் கொடுக்கிறார்களாம். நல்லதுதான். ஆனால் அந்தப் படிவத்தை எங்கள் ஊர்க்காரர்கள் எப்படி நிரப்புவார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வருகின்றன.

அம்மா அறுபத்தேழு வயதுவரை இருந்தாள். இழுப்பு அவளைக் கொல்லவில்லை. ஒழுங்காக மருந்து எடுத்துக்கொண்டாள். கடைசி வருஷம் ஒரு பிற்பகலில், மூச்சுப் பயிற்சியும் கூடவே செய்தால் நல்லது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு நான் அவளிடம் கேட்டேன், அந்த வகுப்புக்குப் போகாவிட்டால் போகட்டும், இத்தனை வருஷத்தில் வீட்டிலேயே தனியாகக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாமே, அது உனக்குப் பிடித்ததுதானே என்று.

"உக்காந்து பார்த்தேன் கண்ணு, எத்தனையோ தரம். கண்ணை மூடுனா கைதட்டறாங்க" என்றாள்.

நான் அன்று 'இல்லீங்க' என்று சொன்னதைப் பற்றி அவளிடம் பேச வேண்டுமென்று இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு அதைவிட நல்ல வேளை வராது என்று அப்போதே தெரிந்தது. "என்ன கண்ணு, மொகம் ஒரு மாதிரி இருக்குது?" என்று அவளே கேட்கவும் செய்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, காபி போட எழுந்து போனேன்.